வெயிலுக்கா பஞ்சம்... அப்புறம் ஏன் உங்க வீட்டுத் தக்காளி சிவக்க மாட்டேங்குது?

விதை போட்டு மூணு மாசம் ஆச்சு. தினமும் காலையில வாயில் பிரஷ்ஷோடு மாடியேறி, 'இன்னிக்காவது சிவந்திருக்குமா?'னு குனிந்து பார்க்கிறீங்க. காய் கொழுகொழுவென்று நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நிறம்? அடியில் ஒரு மங்கலான ஆரஞ்சு, நடுவில் மஞ்சள், காம்பைச் சுற்றிப் பச்சை. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்.

கவலைப்படாதீங்க, எங்க வீட்டிலும் இதே கதைதான்.

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, பண்ணை பசுமைக் கடைகளிலும் சில ரேஷன் கடைகளிலும் அரசே 60 ரூபாய்க்கு விற்ற நேரம். புதுக்கோட்டையில் எங்க அம்மா ரசத்துக்கு முழுத் தக்காளி போடலாமா, அரைத் தக்காளி போதுமா என்று யோசித்த மாதம் அது. 'இனி தக்காளிய காசு குடுத்து வாங்க மாட்டேன்'னு சபதம் போட்டு, அடுத்த தை முடிந்ததும் மாடியில் ஆறு குரோ பேக் வைத்தார். செடி நன்றாக வந்தது. சித்திரையில் காய் தொங்கியது. ஆனால் சிவக்கவில்லை. வெயில் பத்தவில்லையோ என்று பைகளை நகர்த்தி நகர்த்தி வெயிலில் வைத்தார். பாதிக் காயைப் பறித்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேல் அடுக்கினார். தோல் வெந்து, சுருங்கி, அழுகியதுதான் மிச்சம்.

"நம்ம கை ராசியில்லாத கை. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு கீரை விதைச்சிடலாம்" என்றார் போனில். குரலில் இருந்தது தக்காளி போன வருத்தம் மட்டும் இல்லை. தனக்கு ஒன்று வரவில்லை என்று முடிவுகட்டிவிட்டவரின் குரல் அது.

அம்மா கையில் ஒரு குறையும் இல்லை. குறை வெயிலில்தான் இருந்தது. அதுவும் பத்தாத வெயில் இல்லை, அதிகப்படியான வெயில்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

தக்காளி பழுக்கும்போது உள்ளே மூன்று விஷயங்கள் நடக்கின்றன. காய் முற்றியதும் எத்திலீன் என்ற வாயுவைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. 'பழுக்கலாம்' என்று காய்க்குக் கிடைக்கும் உத்தரவு அதுதான். உடனே பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையம் சிதைகிறது. அந்த இடத்தில் இரண்டு நிறமிகள் சேர்கின்றன. ஒன்று, சிவப்பு நிறம் தரும் லைகோபீன். இன்னொன்று, கேரட்டில் இருக்கும் அதே மஞ்சள்-ஆரஞ்சு நிற பீட்டா கரோட்டின்.

இதில் லைகோபீன் கொஞ்சம் சொகுசுப் பேர்வழி. 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம்தான் அதற்குப் பிடிக்கும். காயின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் லைகோபீன் உருவாவது வெகுவாகக் குறைந்துவிடும். பீட்டா கரோட்டினுக்கு அந்தப் பிரச்னை அவ்வளவாக இல்லை, அது தன் பாட்டுக்கு உருவாகிக்கொண்டே இருக்கும். பச்சை போய்விட்டது, சிவப்பு வரவில்லை, மஞ்சள் மட்டும் வந்துவிட்டது என்றால் கிடைப்பது நீங்க பார்த்த அந்த மஞ்சள்-ஆரஞ்சுத் தக்காளிதான். வெப்பம் இன்னும் ஏறினால் எத்திலீன் வேலையும் மந்தமாகிவிடும். காய் அப்படியே 'பாஸ்' ஆகி நிற்கும்.

இப்போ நம்ம ஊரைப் பாருங்க. சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டை வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அது நிழலில் அளக்கும் காற்றின் வெப்பம். நேரடி வெயில் படும் காயின் தோல் அதைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். கீழே கான்கிரீட் தளம் வேறு அனலைக் கக்கும். இதில் காய் எப்படிச் சிவக்கும்?

ஒரு முக்கியமான விஷயம்: காய் பழுக்க வெளிச்சமே தேவையில்லை. வெயில் வேண்டியது இலைக்கு. இலைதான் வெயிலை வாங்கி சர்க்கரை தயாரித்துக் காய்க்கு அனுப்புகிறது. முற்றிய காய் இருட்டு அறையிலும் பழுக்கும்.

அப்போ மே மாதம் சந்தைக்கு வரும் தக்காளி மட்டும் எப்படிச் சிவப்பா இருக்கு?

நியாயமான கேள்விதான். விடை, அது எங்கே விளைகிறது என்பதில் இருக்கிறது. கோடையில் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்குப் பெருமளவு தக்காளி அனுப்பும் கர்நாடகாவின் கோலார் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆந்திராவின் மதனப்பள்ளி சுமார் 700 மீட்டர். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டையும் மேட்டு நிலம்தான். அங்கே கோடையிலும் ராத்திரி கொஞ்சம் குளிரும். புதுக்கோட்டை நகரம் இருப்பதோ சுமார் 100 மீட்டர் உயரத்தில். ராத்திரியும் புழுக்கம்தான்.

தக்காளியின் பூர்வீகமும் அப்படிப்பட்ட இடம்தான். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் பிறந்து, மெக்ஸிகோவில் தோட்டப் பயிராகி, ஐரோப்பியர்கள் வழியாக நமக்கு வந்த செடி இது. 'சீமைத் தக்காளி' என்று அந்தக் காலத்தில் இதைச் சொன்னது அதனால்தான். நம்ம மணத்தக்காளியோடு ஒப்பிட்டால் இது நேற்று வந்த விருந்தாளி.

யூடியூப் டிப்ஸ் யாருக்கு?

'தக்காளி சீக்கிரம் பழுக்க என்ன செய்யலாம்?' என்று தேடினால் வரும் வீடியோக்களில் பாதி, குளிர் நாடுகளில் எடுத்தவை. அவர்கள் பிரச்னை வேறு. செப்டம்பர், அக்டோபரில் உறைபனி விழுவதற்குள் காயைப் பழுக்கவைத்தாக வேண்டும். அதனால்தான் 'இலைகளை வெட்டி விடுங்க, காய் மேல் வெயில் படட்டும்', 'ஜன்னலோரம் வெயிலில் வையுங்க' என்கிறார்கள். அங்கே 18 டிகிரி காற்றில் அது சரி.

அதையே ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ செய்தால் காய் வெம்பிவிடும். இலையை வெட்டினால் காய்க்கு இருந்த குடை போச்சு. வெயில் நேராகப் படும் இடத்தில் தோல் வெளுத்து, காகிதம் மாதிரி ஆகி, கொப்புளம் கண்டு, அங்கிருந்து அழுகல் ஆரம்பிக்கும். அம்மா கைப்பிடிச் சுவரில் அடுக்கிய காய்களுக்கு நடந்தது இதுதான்.

நம்ம ஊருக்கான விதி நேர் எதிர். காய்க்கு நிழல் கொடுங்க. காய்ந்த, நோய் தாக்கிய, மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் கிள்ளுங்க. மாசி முடிந்ததும் செடிக்கு மேலே 35 அல்லது 50 சதவிகித நிழல்வலை கட்டுங்க. வலை வாங்க முடியாவிட்டால் பழைய வெள்ளைப் பருத்திப் புடவைகூடப் போதும். காலை வெயில் படட்டும், 11 மணியிலிருந்து 4 மணி வரை நிழல் விழட்டும்.

அப்பத்தாவுக்குத் தெரிந்த 'செங்காய்'

நிழல் கொடுத்தும் சிவக்காத காய்களுக்கு என்ன வழி? இதற்குப் பதில் எங்க அப்பத்தாவிடம் இருந்தது. அவர் எந்தப் பழத்தையும் மரத்திலோ செடியிலோ முழுசாகப் பழுக்க விட்டதில்லை. "செங்காயா இருக்கையிலேயே எடுத்துரணும். இல்லாட்டி அணிலு தின்னுரும், மிச்சத்த வெயிலு தின்னுரும்" என்பார்.

செங்காய் என்றால் முழுக் காயும் இல்லை, பழமும் இல்லை. பழுக்கத் தொடங்கிவிட்ட காய். தோட்டக்கலை அறிவியலும் தக்காளியைப் பறிக்கச் சரியான கட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. காயின் அடிப்பகுதியில், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கம், மஞ்சளோ இளஞ்சிவப்போ லேசாகத் தட்டும். அந்தக் கட்டத்தில் காய் தன் எத்திலீனைத் தானே தயாரித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பழுப்பதற்கு அதற்குச் செடி தேவையில்லை. சரியான வெப்பத்தில் வைத்தால், செடியில் பழுத்ததற்கு ரொம்பக் குறையாத சுவையோடு பழுக்கும்.

சித்திரை வெயிலில் செடியில் விட்டால் 30 டிகிரிக்கு மேல் மாட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் கொண்டு வந்தால் சிவக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அதனால் அடியில் நிறம் தட்டியதும் பறித்துவிடுங்க. விடியற்காலையில் பறித்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க ஆறிய காய், குறைந்த சூட்டோடு வீட்டுக்குள் வரும்.

நிறமே தட்டாத பச்சைக் காயைப் பறித்தால் பழுக்குமா? முற்றிய காயாக இருந்தால் பழுக்கும். சந்தேகம் வந்தால் அதே அளவு காய் ஒன்றை நறுக்கிப் பாருங்க. விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்து, கத்தி பட்டு விதை நழுவினால் முற்றிய காய். விதையும் சேர்ந்து நறுக்கென்று வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. அதைப் பழுக்கவைக்க முயற்சி செய்யாதீங்க, துவையலோ கூட்டோ செய்துவிடுங்க.

வீட்டுக்குள் பழுக்கவைப்பது எப்படி?

ரொம்பச் சுலபம்.

1. காயில் ஈரம் இருந்தால் துணியால் துடையுங்க. கழுவ வேண்டாம். அடிபட்டது, ஓட்டை விழுந்தது, வெடித்தது எல்லாவற்றையும் தனியாக எடுத்து உடனே சமைத்துவிடுங்க.

2. அகலமான தட்டிலோ மூங்கில் தட்டிலோ கொஞ்சம் வைக்கோல் அல்லது பருத்தித் துணி பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்க. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் கீழே இருப்பது நசுங்கும். ஒன்று அழுகினால் எல்லாவற்றுக்கும் பரவும்.

3. வீட்டிலேயே குளுமையான மூலையைத் தேர்ந்தெடுங்க. மாடி அறை வேண்டாம், கீழ்த்தளம் நல்லது. மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலை இன்னும் நல்லது. கேஸ் அடுப்புப் பக்கமும் ஃப்ரிட்ஜின் பின்பக்கமும் வேண்டவே வேண்டாம்.

4. அவசரமா? ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூடவே வைத்து, பிரவுன் பேப்பர் கவரிலோ துணிப்பையிலோ போட்டு லேசாக மூடி வையுங்க. வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் தக்காளியையும் தூண்டிவிடும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அச்சடித்த செய்தித்தாளும் வேண்டாம், மை ஒட்டும்.

5. தினமும் ஒரு முறை பாருங்க. செங்காய் நாலைந்து நாளில் தயாராகிவிடும். முற்றிய பச்சைக் காய்க்கு பத்து நாளோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டுக்குள்ளும் 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அப்போது கடைத் தக்காளி மாதிரி பளிச்சென்ற சிவப்பு வராது, ஆரஞ்சுச் சிவப்பில் நிற்கும். பரவாயில்லை. தொட்டால் லேசாக மெத்தென்று இருந்து, முகர்ந்தால் தக்காளி வாசம் வந்தால் அது பழம்தான். ரசம் வையுங்க, வித்தியாசம் தெரியாது.

கார்பைடு கல்லும் ஃப்ரிட்ஜும்

'கல் வச்சுப் பழுக்கவைக்கலாம்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீங்க. கால்சியம் கார்பைடு ஈரத்தோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வரும். அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சுகளும் வரலாம். 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, இந்தியாவில் கார்பைடு வாயுவில் பழுக்கவைத்த பழங்களை விற்பதே தடை. வியாபாரிகள் முறையான கிடங்குகளில் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. வீட்டுக்கு அதுவும் தேவையில்லை, ஒரு வாழைப்பழம் போதும்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். பாதி பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும். முழுதாகப் பழுத்ததை வைத்தால் வாசம் போய்விடும். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைச் சோதித்தார்கள். தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தபோது, மணம் தரும் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களின் வேலை அடங்கிப்போனது. வெளியே எடுத்து வைத்த பிறகும் அந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. ஆசையாக வளர்த்ததை வாசமில்லாமலா சாப்பிடுவீங்க? நன்கு பழுத்து, இரண்டு நாளில் தீராது என்றால் மட்டும் ஃப்ரிட்ஜ்.

காம்பைச் சுற்றிப் பச்சையா? அது நோய் இல்லை

நம்ம ஊர் விதைக் கடைகளில் நாட்டுத் தக்காளி கேட்டால் அடிக்கடி கிடைப்பது பி.கே.எம்-1. பி.கே.எம் என்றால் பெரியகுளம். தேனி மாவட்டத்து அன்னஞ்சி பகுதி நாட்டு ரகத்திலிருந்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய ரகம் இது. இதன் அடையாளமே காய்ப் பருவத்தில் காம்பைச் சுற்றி இருக்கும் கரும்பச்சைத் தோள்தான். கோடை வெயிலில் அந்தத் தோள் கடைசியாகத்தான் நிறம் மாறும். சில நேரம் மஞ்சளாகவே நின்றுவிடும். அதற்காகக் காத்திருந்தால் அடிப்பகுதி கனிந்து ஒழுகிவிடும்.

அந்தப் பச்சைத் தோளை மட்டமாக நினைக்காதீங்க. பார்க்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று, பச்சைத் தோள் இல்லாத ரகங்களையே உலகம் முழுக்க பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தேர்வில் இழந்தது என்ன என்று காட்டியது. தோளைப் பச்சையாக்கும் மரபணுதான் காயிலேயே கூடுதல் பச்சையத்தையும் அதன் மூலம் சர்க்கரையையும் சேர்க்கிறது. அழகுக்காகக் கொஞ்சம் இனிப்பை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

பழுக்கும் வரை காய் தாக்குப்பிடிக்க...

பூ உதிர்கிறதா? பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் செயலிழந்துவிடும். உரத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்க. தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே ஏற்கும், அதற்கு ஒரு குலுக்கல் போதும்.

காயின் அடி கறுத்து அமுங்குகிறதா? காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் அல்ல, ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று தண்ணீர் விடுவதால் வருவது. முட்டை ஓட்டை மட்டும் நம்பாதீங்க, அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். வெயில் காலத்தில் காலை, மாலை அளவாகத் தண்ணீர் விடுங்க. பையின் மேல் காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் மட்டை என எதையாவது மூடாக்காகப் போடுங்க. பழுக்கும் நேரத்தில் தோல் வெடிப்பதற்கும் இதுவே மருந்து. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டாலோ, கோடை மழை கொட்டினாலோதான் காய் வெடிக்கும்.

இலை சுருண்டு, செடி குட்டையாகவே நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றிவிடுங்க. மற்ற செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாதித்த இலையோடு போய்க் கேளுங்க.

காலண்டரைத் திருப்புங்க

இதுவரை சொன்னதெல்லாம் வந்த காயைக் காப்பாற்றும் வழிகள். அடுத்த முறை பிரச்னையே வராமல் இருக்க, பழுக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னாலிருந்து எண்ணுங்க.

விதையிலிருந்து முதல் பழம் வரை ஏறத்தாழ 90 முதல் 100 நாள் ஆகும். புதுக்கோட்டையில் தக்காளி சிவக்க ஏற்ற காலம் தையும் மாசியும். பகல் 30 டிகிரியை ஒட்டியும் ராத்திரி 20-ஐ ஒட்டியும் இருக்கும் நாட்கள். அங்கிருந்து நூறு நாள் பின்னால் போனால் ஐப்பசி. தீபாவளியை ஒட்டி விதையுங்க. வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் நாற்றுத் தட்டை மழை படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்க. 25 நாள் நாற்றை, தண்ணீர் தேங்காத பைக்கு மாற்றுங்க. அம்மா செய்த மாதிரி தை முடிந்து விதைத்தால், பழுக்கும் நேரத்தில் சித்திரை வந்து நிற்கும்.

எவ்வளவு காய்க்கும் என்றும் ஆசையை அளவாக வையுங்க. பி.கே.எம்-1 வயலில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் தரும் ரகம். 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் சுமார் 37,000 செடி. கணக்குப் போட்டால் செடிக்கு ஒரு கிலோகூட இல்லை. மாடியில் தனிக் கவனிப்பில் கொஞ்சம் கூடலாம். ஆனால் 'ஒரே செடியில் பத்து கிலோ' தலைப்புகளைப் பார்த்து உங்க செடியை மட்டம் தட்டாதீங்க.

அம்மா செடிகளைப் பிடுங்கவில்லை. அந்தச் சித்திரையிலேயே மிச்சமிருந்த காய்களைச் செங்காயாகப் பறித்து, மண்பானைக்குப் பக்கத்தில் வைக்கோல் போட்டு அடுக்கினார். எல்லாம் ஆரஞ்சாகத்தான் வந்தது. அடுத்த ஐப்பசியில் மறுபடி விதைத்தார். மாசியில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. தட்டு நிறையச் சிவப்பு. கீழே ஒரு வாய்ஸ் நோட்.

"இன்னிக்கு ரசத்துக்கு முழுசா மூணு போட்டேன்."